கம்பெனிக் கூரைமேல் ஒரு சும்மாடு

அநியாயங்களை நடந்த வரிசையில்தான் சொல்ல வேண்டும், வரிசை கொஞ்சம் பிசகினாலும் முதலாளி பக்கத்து வக்கீல் அந்த இடுக்கில் காலை நுழைத்துவிடுவான் என்பதைத் துண்டறிக்கை எழுதியே தலை நரைத்தவன் நான் அறிவேன், ஆகவே வரிசையாகவே சொல்கிறேன்.

முதல் அநியாயம், தருவைமேட்டு உப்பளத்தில் பெண்ணுக்குப் பெயர் கிடையாது. புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து வந்தால்தான் வேலை, அவன் உப்பை வாரி ஒதுக்க வேண்டும், அவள் அதைத் தலையில் சுமந்து தட்டுமேட்டில் கொட்டி அம்பாரமாக்க வேண்டும், ஆனால் கம்பெனியைப் பொறுத்தவரை இருவரும் சேர்ந்து ஓர் ஆள், அவன் சுடலைமுத்து என்றால் அவள் சுடலைமுத்து ஜோடி, அவ்வளவுதான். இரண்டாவது அநியாயம், பாத்தியிலிருந்து தட்டுமேட்டுக்கு ஒரு காலத்தில் தண்டவாளம் போட்டுத் தள்ளுவண்டி ஓடியது, பழைய முதலாளியின் மகன் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த வருடம் அதைப் பிடுங்கிப் பழைய இரும்புக்குப் போட்டான், இத்தனை தலைகள் சும்மா இருக்கையில் வண்டி எதற்கு என்று கேட்டானாம். மூன்றாவது, பனையோலைப் பெட்டியை நிறுத்திவிட்டு பிளாஸ்டிக் தொட்டி கொடுத்தார்கள், வெயிலுக்குப் பிய்யாது என்று சொன்னார்கள், ஒன்றரைப் பெட்டி உப்பு அதில் பிடிக்கும் என்பதைச் சொல்லவில்லை. நான்காவது, கழுத்து வலி என்று போனவளுக்கும் வயிற்று வலி என்று போனவளுக்கும் கம்பெனி டிஸ்பென்சரியில் ஒரே வெள்ளை மாத்திரை. ஐந்தாவது அநியாயம் பிற்பாடு நடந்தது, ஆகவே பிற்பாடு வரும். வரிசை என்றால் வரிசை.

சுடலைமுத்து ஜோடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெடுநெடுவென்று உயரம், அவள் உப்புத் தொட்டியோடு வரப்பில் நடந்து வந்தால் தூரத்துக் கப்பல் ஒன்று தண்ணீரில்லாத இடத்தில் நகர்வது போலிருக்கும், வாய் மட்டும் கப்பலுக்கு முன்னால் வரும் சங்கு மாதிரி. அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. அதை நான் இப்போது எழுதமாட்டேன். அது முறைப்படி வாசிக்கப்பட்ட ஓர் இடம் உண்டு, கதை அந்த இடத்துக்கு வரும்போது நீங்களும் சாட்சியாக எங்களோடு நிற்கலாம். அதுவரை ஊர் அழைத்தது போலவே அழைக்கிறேன். அந்தச் சுடலைமுத்து ஜோடியின் கழுத்து பல வருடங்களாக இடது பக்கம் திரும்பாது. யாராவது இடப்பக்கமிருந்து கூப்பிட்டால் ஆளே முழுசாக, கடையில் பீரோவைத் திருப்பிக் காட்டுவது போலத் திரும்புவாள். புருஷன் எப்போதும் அவளுக்கு இடப்பக்கமாகவே நடப்பான், பீடி பிடிப்பது தெரியாது என்பதற்காக.

அப்படியிருந்த தருவைமேட்டுக்கு ஒரு தை மாதத்தில் பிரிசில்லா வந்தாள். நாகர்கோவில் பக்கத்துப் பெண், பிசியோதெரபி படித்தவள், ஏதோ ஒரு அறக்கட்டளை வேன் வாரம் ஒருமுறை அவளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகும். அவளுக்குத் தேவைப்பட்டது ஆள் படுக்கிற நீளத்துக்கு ஒரு மேசை, அந்த நீளத்துக்கு ஊரில் ஒரே மேசைதான் உண்டு, அது எங்கள் சங்க அலுவலகத்து மேசை. அந்த மேசையில் எழுதிய கோரிக்கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கலங்கரை விளக்கத்துக்குப் போட்டியாக நிற்கும், அதன் ஒரு மூலையில் போலீஸ் தடி பட்ட காயம் இன்னும் இருக்கிறது, அப்பேர்ப்பட்ட மேசையைத் தடவிக்கொடுக்கும் வேலைக்குத் தர முடியாது என்று நான் சொன்னேன். வலியைத் தடவிவிட்டால் கோபம் இறங்கிவிடும், கோபம் இறங்கினால் சங்கம் எதற்கு, இது முதலாளிகளின் பழைய தந்திரம் என்று ஒரு மணி நேரம் விளக்கினேன். எல்லாப் பெண்களும் பொறுமையாகக் கேட்டார்கள். சுடலைமுத்து ஜோடி பீரோவைப் போல என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணாச்சி, கோவம் அது பாட்டுக்கு இருக்கட்டும். கழுத்து திரும்பட்டும். திரும்பினாத்தான யாரு மேல கோவப்படணும்னு பாக்க முடியும்."

அந்த வாதத்துக்கு என்னிடம் துண்டறிக்கை இல்லை. மேசையைத் துடைத்துக் கொடுத்தேன்.

பிரிசில்லா எடுத்ததும் கழுத்தில் கை வைக்கவில்லை. தலை சுற்றுமா, கை மரத்துப் போகுமா, நடக்கையில் கால் பின்னுமா, எங்காவது விழுந்து அடிபட்டதுண்டா என்று ஒவ்வொருத்தியையும் கேட்டாள், விரல்கள் மரத்துப்போய்த் தீக்குச்சி பிடிக்க முடியாத ஒருத்தியைத் தொடவே மறுத்து அதே வேனில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தாள். சவரம் முடிந்ததும் சலூனில் தலையைப் பிடித்துச் சடக்கென்று ஒடிப்பார்களே, அதுதானா இது என்று சுடலைமுத்து கேட்டதற்கு, அந்தச் சடக்குக்கு இனிமேல் கழுத்தைக் கொடுக்காதீர்கள் அண்ணாச்சி என்று மட்டும் சொன்னாள். சீட்டில் எழுதப் பெயர் கேட்டபோது முதலாவதாக மேசையில் ஏறியவள் தன்னைச் சுடலைமுத்து ஜோடி என்றே எழுதச் சொன்னாள், அப்படிச் சொன்னால்தான் தனக்கே தன்னைத் தெரியும் என்றாள்.

அவளை மல்லாக்கப் படுக்கவைத்து, இரண்டு கையையும் பிடரிக்குக் கீழே கொடுத்து, தலையை ஏந்திக்கொண்டு பிரிசில்லா சும்மா உட்கார்ந்திருந்தாள். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கொட்டாவி வந்தது. பிறகு கழுத்தெலும்பின் ஓரமாகப் பெருவிரலை வைத்து, அழுத்தி, விட்டு, அழுத்தி, விட்டு, கடல் கரையைத் தொட்டுவிட்டுப் போகிற நிதானத்தில் செய்துகொண்டே, எலும்பு ஒன்றும் இடம் மாறிக் கிடக்கவில்லை அக்கா, அதை நான் எடுத்து வைக்கவும் இல்லை, பாரம் எப்போது விழுமோ என்று இந்தச் சதையெல்லாம் முறுக்கிக்கொண்டு காவல் நிற்கிறது, படுத்திருக்கும்போதும் நிற்கிறது, தூங்கும்போதும் நிற்கிறது, காவல் முடிந்தது என்று நரம்புக்கு யாராவது சொல்ல வேண்டும், வாயால் சொன்னால் அதற்குக் கேட்காது, கையால் சொன்னால் கேட்கும் என்றாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே சுடலைமுத்து ஜோடியின் தோள் இரண்டும் காதிலிருந்து கீழே இறங்கின, வயிறு வரை போகிற மூச்சு ஒன்று வந்தது, கழுத்தில் வெந்நீர் ஊற்றினது போலச் சூடாக இருக்கிறது என்றாள், அப்போது மேசையின் தலைமாட்டிலிருந்து ஏதோ ஒன்று தொம்மென்று கீழே விழுந்தது.

குனிந்து பார்த்தோம். ஒன்றும் இல்லை. ஆனால் சிமெண்டுத் தரை ஆட்டுரல் அளவுக்குப் பள்ளமாகியிருந்தது, பள்ளத்தில் கை வைத்தால் கை ஒரு இடத்தில் தடுத்தது, அந்தத் தடுப்பை நாலு ஆண்கள் சேர்ந்து தூக்கிப் பார்த்தும் நகரவில்லை. பிரிசில்லா எட்டிப் பார்த்துவிட்டுத் தன் சீட்டில், கழுத்து இடப்பக்கம் திரும்புகிறது, தரைக்குச் சேதம், என்று எழுதினாள். சுடலைமுத்து ஜோடி எழுந்து உட்கார்ந்து, மெதுவாக, முதல்தடவை கதவைத் திறப்பவள் போல இடது பக்கம் திரும்பினாள், ஜன்னல் வழியாகப் பார்த்தாள், ஏட்டி இந்தச் செவுரு எப்பம் வந்தது என்று கேட்டாள், அந்தச் சுவர் கட்டி மூன்று தேர்தல் ஆகியிருந்தது. அடுத்தபடியாகத் தன் புருஷனையும் அவன் விரலிடுக்கில் இருந்த பீடியையும் பார்த்தாள். அங்கே நடந்த பேச்சை எழுத வேண்டியதில்லை. பிறகு இறங்கி வந்து, இது என்னோடதுதான, பழகின பாரம்தான என்று சொல்லி, நாலு ஆண்கள் அசைக்க முடியாததை ஒற்றைக் கையால் எடுத்து, சுமை உறுத்தாமல் தலைக்கு வைக்கும் தன் சும்மாட்டுத் துணியைச் சுருட்டி அதன் நடுவில் வைத்து, வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

அன்றிலிருந்து அது வழக்கமாயிற்று. வாரா வாரம் பிரிசில்லா வந்தாள், வாரா வாரம் கழுத்துகள் திரும்பின, வாரா வாரம் சங்க அலுவலகத்துத் தரை பள்ளமாயிற்று, தரை போனால் போகிறது என்று கடற்கரை மணலைக் கொட்டிப் பரப்பிவிட்டோம். ஒவ்வொருத்தியும் தன் பாரத்தைத் தன் சும்மாட்டில் வைத்து எடுத்துப் போனாள், உருவம் இல்லாத சாமானுக்கு அடையாளமாக அந்தத் துணி வளையமாவது இருக்கட்டும், யார் காலிலும் இடறாமல் இருக்கும் என்பதற்காக. ஒருத்தியின் பாரம் அவளுக்கு மட்டும் லேசு, மற்றவர்களுக்கு மலை, அது ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவரவர் சுமந்தது அவரவருக்குத் தெரியாதா என்பதோடு விட்டுவிட்டார்கள்.

நான் வேறு திட்டம் வைத்திருந்தேன். எல்லாப் பாரங்களையும் கம்பெனி வாசலில் குவித்து, லாரி உள்ளே போகவும் முடியாமல் வெளியே வரவும் முடியாமல் அடைத்து, மாநிலமே திரும்பிப் பார்க்கும் ஒரு போராட்டமாக்க வேண்டும் என்று சுவரொட்டிக்கு வாசகம்கூட எழுதிவிட்டேன். ஆனால் அதற்குள் அந்தப் பெண்கள் அவற்றையெல்லாம் குடும்பத்துக்கு ஆக்கிக்கொண்டார்கள். எலுமிச்சை ஊறுகாய் ஜாடிமேல் வைத்தார்கள், ஊறுகாய் ஒரே நாளில் இறங்கியது. ஊர் சுற்றுகிற ஆட்டின் கயிற்று நுனியில் வைத்தார்கள், ஆடு தத்துவம் படித்ததுபோல நின்ற இடத்திலேயே நின்றது. மாதாகோயில் திருவிழாப் பந்தல் கால்களுக்கு வைத்தார்கள், அம்மன் கோயில் கொடை விழாவுக்கும் அதே பாரங்கள் போய் வந்தன. எங்கள் ரோசம்மா தன் மகளைக் காயல்பட்டினத்துப் பக்கம் கட்டிக்கொடுத்தபோது, வலை இழுக்கும் குடும்பம், நங்கூரத்துக்கு ஆகும் என்று தன் பாரத்தையே சீராகக் கொடுத்தாள், மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள், வழி நெடுக பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து போனது, லக்கேஜ் எங்கே என்று கேட்ட கண்டக்டரிடம் கண்ணால் கண்டால் டிக்கெட் போடும் ஐயா என்று சொல்லியிருக்கிறாள்.

பிரிசில்லாவுக்கு இந்தக் கொண்டாட்டத்தில் பாதிக்குத்தான் சம்மதம். என் கை கொடுப்பது சில நாளைக்குத்தான் அக்கா, கதவைத் திறந்துவிடுவது மட்டும்தான் கை, நடந்து போவது நீங்கள்தான் என்று சொல்லி, தாடையை உள்ளுக்கு இழுத்துப் பிடித்து விடுவது, தோளைப் பின்னுக்குத் தள்ளுவது, இரண்டு பக்கமும் மெதுவாகத் திரும்பிப் பார்ப்பது என்று பயிற்சிகள் கொடுத்தாள். வேலைக்கு நடுவில் பாத்தி பாத்தியாகப் பெண்கள் நின்று தாடையை உள்ளுக்கு இழுப்பார்கள், ரோட்டில் போகிறவர்கள், இவ்வளவு பேரும் கடலோடு என்ன கோபத்தில் இருக்கிறார்கள் என்று கேட்டுப் போவார்கள். கழுத்துகள் நன்றாகவே இருந்தன. ஆனால் உப்பு வாரும் பருவம் உச்சத்துக்கு வந்ததும் மறுபடியும் இறுக ஆரம்பித்தன, மறுபடியும் மேசையில் படுத்தால் மறுபடியும் சின்னச் சின்னப் பாரங்கள் விழுந்தன, தேங்காய் அளவு, பூசணி அளவு. தொட்டி தலையில் ஏறிக்கொண்டே இருந்தால் நான் இறக்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான் என்று பிரிசில்லா தன் பெருவிரலை நீவிக்கொண்டே சொன்னபோது, தள்ளுவண்டி வேண்டும் என்பதைத்தானே அம்மா நான் முதலிலிருந்து சொல்கிறேன் என்றேன். நீங்கள் அதை மைக்கில் சொன்னீர்கள் சார், நான் கழுத்தில் பார்த்தேன் என்றாள். நல்ல பெண், ஆனால் எதிர்ப்பேச்சு அதிகம்.

என்னையும் ஒருநாள் அந்த மேசையில் ஏற்றினார்கள். என் கழுத்து இறுகியது போலீஸ்காரன் முன்னால், மேனேஜர் முன்னால், தாசில்தார் முன்னால் ஒருபோதும் குனியாமல் நிமிர்ந்தே நின்றதால், ஆகவே அதிலிருந்து விழப்போவது மொத்த இயக்கத்தின் பாரம், மேசையை எடுத்துவிட்டுத் தரையிலேயே படுக்கவா என்று கேட்டேன். பெண்கள் சுற்றி நின்றார்கள். பிரிசில்லா நெடுநேரம் அழுத்தினாள். கடைசியில் ஏதோ ஒன்று விழுந்தது, பட்டென்று ஒரு சத்தம், ஒரு கட்டு நோட்டீஸ் விழுந்த மாதிரி. மணலில் ஒரு கோடுதான் விழுந்தது. சுடலைமுத்து ஜோடி குனிந்து இரண்டு விரலால் அதை எடுத்துவிட்டாள், மற்றவர் பாரத்தை அப்படி யாரும் எடுத்ததேயில்லை. கொள்கைக்கு எடை கிடையாது என்று நான் விளக்கினேன், யாரும் மறுக்கவில்லை, அன்றிலிருந்து அது சங்க அலுவலகத்து ஜன்னல் காற்றுக்கு அடித்துக்கொள்ளாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. கழுத்து திரும்பியது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அந்த ஆடியில் காற்று வந்தது. எங்கள் பக்கத்து ஆடிக் காற்றைப் பற்றி அறியாதவர்களுக்குச் சொல்கிறேன், அது ஆளைக் கேட்காமல் ஆளின் வேட்டியைக் கேட்கும். எங்கள் ஓட்டுக்கூரை, ஓலைக்கூரை எல்லாவற்றின்மேலும் பாரம் வைத்த சும்மாடுகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன, ஒரு கீற்று அசையவில்லை. கம்பெனி ஆபீஸின் தகரக் கூரை மட்டும் தடதடவென்று அடித்து, எழும்பி, உட்கார்ந்து, எழும்பி, உள்ளே யாரையும் இருக்கவிடவில்லை. கல் ஏற்றினார்கள், கல் உருண்டது. மூட்டையாக உப்பை ஏற்றினார்கள், காற்று உப்பைத் தின்றுவிட்டுச் சாக்கைத் துப்பியது. கடைசியில் மேனேஜர் தனசிங், பாண்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தொழிலாளிகளுக்குக் கம்பெனி கொடுத்த லைன் வீடுகளுக்கு நடந்து வந்து, ஊரிலேயே கனமான பாரம் யாருடையது என்று கேட்டார். எல்லாரும் ஒரே வீட்டைக் காட்டினார்கள்.

கொடுக்காதே என்று நான் சொன்னேன். சுடலைமுத்து ஜோடி கேட்கவில்லை. வாசலில் வந்து கேட்கிறவனுக்கு இல்லை என்று சொல்ல முடியாது அண்ணாச்சி, இரவல்தானே என்று சொல்லி, ஏணி போட்டு ஏறி, வெளிறிய பச்சைச் சும்மாட்டைத் தகரத்தின் நடுவில் வைத்துவிட்டு இறங்கினாள். கூரை வாயை மூடிக்கொண்டது. அந்த வருடம் முழுவதும் கம்பெனி அவள் பாரத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் கணக்குப் பார்த்தது.

இனி ஐந்தாவது அநியாயம். வெயில் கொளுத்திய ஒரு மதியம் சுடலைமுத்து பாத்தி வரப்பில் பீடியோடு உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. அவனைப் புதைத்த ஈரம் காய்வதற்குள் கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. லைன் வீடு தொழிலாளிக்குக் கொடுத்தது, தொழிலாளி இறந்துவிட்டான், ஆகவே காலி செய்ய வேண்டும். நானும் தொழிலாளிதான, என்று அவள் கேட்டாள். அப்படி ஒரு பெயர் எங்களிடம் இல்லையே என்றார் தனசிங். புருஷனுக்குச் சோறு கொண்டுவருவாள், கூட மாட நிற்பாள், அதற்கெல்லாம் தொழிலாளி என்று பெயரா என்றார். இருபது வருடத்துக்கும் மேலாக அந்தத் தட்டுமேட்டை மலையாக்கியவள் சோறு கொண்டுவந்தவளாகிவிட்டாள், இடப்பக்கம் நடந்தவன் இல்லாத வீட்டை விட்டு அவள் எங்கே போவாள், அதுதான் கேள்வி, அந்தக் கேள்வியில் எங்கள் ஊர் ஜோடிகள் அத்தனை பேரின் நாளையும் இருந்தது.

சாமான்களை வெளியே எடுத்துவைக்கக் கம்பெனி ஆட்களை அனுப்பியது. பெண்கள் தடுக்கவில்லை, கூச்சல் போடவில்லை, வழிவிட்டு நின்று மோர்கூடக் கொடுத்தார்கள். ஆனால் அவர்கள் வருவதற்கு முன்னாலேயே ஒவ்வொருத்தியாக வந்து, கட்டில்மேல் ஒன்று, ஆட்டுரல்மேல் ஒன்று, தகரப் பெட்டிமேல் ஒன்று, சாமி படத்தின்மேல்கூட ஒன்று, தத்தம் பாரத்தை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஆட்கள் கட்டிலைத் தூக்கப் பார்த்தார்கள். குடத்தைத் தூக்கப் பார்த்தார்கள். கடைசியில் ஒருவன் விளக்குமாற்றையாவது எடுப்போம் என்று பிடித்து இழுத்து, இடுப்பில் குறுக்குப் பிடித்துக்கொண்டு, அடுத்த வாரம் பிரிசில்லாவிடம் வரிசையில் வந்து நின்றான். அவனுக்கும் பார்த்து அனுப்பினோம்.

நான் மனுக்கள் எழுதினேன். சுடலைமுத்து ஜோடியிடம், உன் பாரத்தைக் கம்பெனிக் கூரையிலிருந்து இறக்கு, அவர்களுக்கு ஏன் அந்த உபகாரம் என்று பலமுறை சொன்னேன். கோவத்துல கேட்டா இரவல் சண்டையாயிரும் அண்ணாச்சி, கேக்கிற நேரம் வரும் என்று தாடையை உள்ளுக்கு இழுத்துக்கொண்டே சொன்னாள்.

மனுக்கள் போகிற இடத்துக்குப் போய், தூங்குகிற இடத்தில் தூங்கி, அடுத்த ஆடியில் தொழிலாளர் துறை அதிகாரி விசாரணைக்கு வந்து இறங்கினார். கழுத்தில் பட்டை போட்டிருந்தார். பைலைக் குனிந்து பார்த்துப் பார்த்தே போன கழுத்து, மேலே கீழே பக்கவாட்டில் எங்கும் அசையாது. பெண்களுக்கு அவரை அப்போதே பிடித்துவிட்டது, மேனேஜர் பேசும்போது தலையாட்டாத முதல் அதிகாரி இவர்தான் என்று பேசிக்கொண்டார்கள். பிரிசில்லா பார்க்கட்டுமா என்று ஒருத்தி கேட்டதற்கு, விசாரணை முடிகிறவரை இந்த ஊரில் ஒரு கை என்மேல் படக் கூடாது அம்மா என்று நேராகச் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

விசாரணை கம்பெனி ஆபீஸில், அதே தகரக் கூரைக்குக் கீழே நடந்தது. வெளியே காற்று ஊளையிட்டது. தனசிங் தன் பக்கத்தைச் சொன்னார், கம்பெனி வக்கீல் அதைத் திரும்பவும் சொன்னார், இந்த அம்மாள் இறந்துபோன தொழிலாளியின் மனைவி, அதில் எங்களுக்கு அனுதாபம் உண்டு, ஆனால் கம்பெனியின் ஒரு கல் உப்பைக்கூட அவர் சுமந்தவர் அல்ல. அதிகாரி சாட்சி கேட்டார். நாங்கள் சாட்சி என்று வாசலில் நின்ற அத்தனை பெண்களும் சொன்னார்கள். வக்கீல் சிரித்தார். அவர்களும் ஜோடிகள்தான், கம்பெனியில் அவர்களுக்கும் பெயர் இல்லை, வேலையே செய்யாதவர்கள் வேலையைப் பார்த்ததாக எப்படிச் சாட்சி சொல்வார்கள் என்றார். நான் எழுந்து பேசினேன், நன்றாகவே பேசினேன், முதல் அநியாயத்தில் தொடங்கி வரிசையாக நான்காவதுக்கு வரும்போது அதிகாரி கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

அப்போது சுடலைமுத்து ஜோடி எழுந்தாள்.

"சரிங்க ஐயா. எனக்கும் கம்பெனிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லேங்காவ. அப்பம் அவுக கூரை மேல கெடக்க என் சாமானை நான் எடுத்துக்கிடுதேன். அதுக்கு மட்டும் அனுமதி வாங்கிக் குடுங்க."

இவ்வளவு மலிவாக முடிகிறதே என்ற சந்தோஷத்தில் தனசிங், தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும், அதிகாரி முன்னிலையில் சொல்கிறேன் என்றார். அவள் சேலையை இழுத்துச் செருகினாள். ஏணியில் ஏறினாள். தலைக்கு மேலே தகரத்தில் அவள் காலடி நடந்து போவதை எல்லாரும் கேட்டோம், நடுவில் நின்றதைக் கேட்டோம், திரும்பி வந்ததைக் கேட்டோம், அவள் கீழே கால் வைத்ததும், சோறு வெந்ததா என்று மூடியைத் தூக்கிப் பார்ப்பது போலக் காற்று கூரையின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தது. பார்த்துவிட்டு, முழுசாகவே எடுத்துக்கொண்டது. கூரை பாத்திகளுக்கு மேலே பளபளவென்று மிதந்து போய், கொக்குகளை எழுப்பிவிட்டு, தூரத்து அம்பாரத்தின்மேல் தொப்பி வைத்தது போல உட்கார்ந்தது. மேலே பார்க்க முடியாத அதிகாரிக்கு வானம் கண் மட்டத்துக்கே இறங்கி வந்தது.

தனசிங் வாசலுக்கு ஓடினார். பச்சைச் சும்மாட்டைப் பிள்ளையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள்.

"அதக் கீழ வை. அது கம்பெனி சொத்து."

"என் கழுத்துல இருந்து எறங்குனது உங்க சொத்தா?"

"கழுத்து உன்னோடதாட்டு இருக்கலாம். பாரம் எங்களோடது. அதுல இருக்கது அம்புட்டும் எங்க உப்பு, ஒரு கல்லுகூட வெளி உப்பு கெடையாது."

வக்கீல் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார், அதற்குள் வார்த்தை காற்றில் ஏறி ஊர் முழுவதும் போய்விட்டது. முதலில் சிரித்தது ரோசம்மா. பிறகு எல்லாரும். மரத்துப்போன விரலோடு ஆஸ்பத்திரி போய் ஆபரேஷன் ஆகித் திரும்பி வந்தவள், சிரித்தால் தையல் போட்ட இடம் இன்னும் இழுக்கும் என்று கழுத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிரிசில்லா சிரிப்பை அடக்கத் தாடையை உள்ளுக்கு இழுத்தாள்.

அதிகாரி சிரிக்கவில்லை. காகிதங்கள் பறக்காமல் முழங்கையால் அழுத்திக்கொண்டு, நாற்காலியோடு சேர்ந்து தனசிங் பக்கம் திரும்பினார்.

"அம்புட்டும் உங்க உப்பு. எழுதிக்கிட்டேன். சுமந்தது யாரு?"

தனசிங் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் கூரை இருந்த இடத்தைப் பார்த்தார்.

அந்த லைன் வீடு அவளுக்கே நிலைத்ததும், மற்ற ஜோடிகள் ஒவ்வொருத்தியாகக் கம்பெனிப் பதிவில் ஏறியதும், தட்டுமேட்டுக்கு மறுபடியும் தண்டவாளம் வந்ததும், அந்தத் தண்டவாளத்தில் முதல் தள்ளுவண்டி ஓடியபோது அதிகாரி பட்டையில்லாத கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்ததும் எல்லாம் பின்னால் நடந்தவை. வரிசைப்படி அன்றைக்கு நடந்தது ஒன்றுதான். அதிகாரி அவளிடம் பெயரைக் கேட்டார். அவள் சொன்னாள், வெகுகாலம் உபயோகிக்காத பாத்திரத்தை ஊதித் துடைத்துக் கொடுப்பவள் போல மெதுவாகச் சொன்னாள், காற்றில் எங்களுக்குக் கேட்கவில்லை. அவர் எழுதினார். எழுதியதைச் சாட்சிகள் முன்னால் சத்தமாக வாசித்தால்தான் செல்லும் என்றார். சாட்சிகள் யார் என்று வக்கீல் கடைசி முயற்சியாகக் கேட்டார். அதிகாரி கையை நீட்டி வாசலில் நின்ற பெண்கள் அத்தனை பேரையும், பிரிசில்லாவையும், என்னையும் காட்டினார். நாங்கள் நேராக நின்றோம். திரும்ப முடிந்த கழுத்துகள் எல்லாம் இடது பக்கம், அவள் நின்ற பக்கம் திரும்பின. கூரையில்லாத ஆபீஸில், ஆடிக் காற்றுக்கு மேலே கேட்கும்படி, அவர் எழுந்து நின்று வாசித்தார்:

"தருவைமேட்டு உப்பளத் தொழிலாளி, சப்பாணிமுத்து மகள், செந்தூர்க்கனி."